பெயரில்லாத புகைப்படம்: நேவிகேட்டர் சை கிராண்ட்



1943ஆம் ஆண்டு நாஜிக் கட்சியின் நாளேடான ‘ஃபோல்கிஷர் பியோபாக்டர்’ ஒரு புகைப்படத்தை வெளியிட்டது. பிடிபட்ட எதிரி விமானப்படை வீரர் ஒருவரின் படம். கறுப்பு நிற இளைஞர். வயது இருபத்து மூன்று. படத்தின் கீழே அவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. ராயல் விமானப்படையைச் சேர்ந்தவர், இன்ன இனம் என்று நிர்ணயிக்க முடியாதவர் என்று மட்டும் போட்டிருந்தார்கள். பிரிட்டனுக்கு ஆள் பஞ்சம் வந்துவிட்டது, யாரை எல்லாம் அனுப்புகிறார்கள் பாருங்கள் என்று தங்கள் வாசகர்களைச் சிரிக்கவைப்பதற்காகப் போட்ட படம் அது.

அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2006இல், அந்த இளைஞர் தன் போர்க்கால நினைவுநூலை வெளியிட்டார். அந்தக் கேலி வரியையே நூலின் தலைப்பாக வைத்தார். அவர் பெயர் சை கிராண்ட்.

என் பள்ளி வருகைப் பதிவேட்டில் என் பெயர் சிவப்பு மையில் இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான். உதவித்தொகைக்காக என்று ஆசிரியர் சொன்னார். எதற்காகவோ இருக்கட்டும், பெயர் வாசிக்கப்படுவதற்கு முன்பே நிறம் வாசிக்கப்பட்டுவிடும். அதனால்தான் கிராண்ட்டின் படத்தைப் பற்றி முதலில் படித்தபோது என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. இன்று அவரைப் பற்றிப் பேச வந்ததற்கு அதுவே காரணம்.

அவர் பிறந்தது தென் அமெரிக்காவின் வடகரையில், அன்று பிரிட்டிஷ் கயானா என்று அழைக்கப்பட்ட காலனியில். பிறந்த நாள் 1919 நவம்பர் 8. ஊரின் பெயர் பெட்டர்வர்வாக்டிங். ஆங்கிலேயருக்கு முன் அங்கே டச்சுக்காரர் ஆண்டதால் வந்த டச்சுப் பெயர் அது. ‘மேலான எதிர்பார்ப்பு’ என்று பொருள். கரும்புத் தோட்டத்துக்கு அதன் முதலாளி வைத்த பெயர். 1838இல் அடிமைத்தனம் முழுமையாக ஒழிந்த பிறகு, விடுதலை பெற்றவர்கள் பணத்தைக் கூட்டாகப் போட்டு, தாங்கள் எந்தத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தார்களோ அதே தோட்டங்களை விலைக்கு வாங்கிக் கிராமங்கள் அமைத்தார்கள். அப்படி உருவான கிராமங்களில் இதுவும் ஒன்று. அடிமைகள் விட்டுப்போன வேலைக்கு ஆள் வேண்டுமென்றுதான் கல்கத்தாவிலிருந்தும், பின்னர் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகளை அங்கே கொண்டுபோனார்கள். நம் மக்கள் கொண்டுபோன மாரியம்மன் இன்றும் கயானாவில் கும்பிடப்படுகிறாள். கிராண்ட் ஓடி விளையாடிய மண் நமக்கு அத்தனை அந்நியம் இல்லை.

தந்தை மொரேவியன் திருச்சபைப் போதகர். தாய் இசை கற்பித்தவர். வீட்டில் புத்தகமும் பாட்டும் இருந்தன, பணம்தான் இல்லை. வழக்கறிஞராக வேண்டும் என்பது பையனின் ஆசை. அதற்குக் கப்பலேறி இங்கிலாந்து போக வேண்டும். முடியாததால் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனார். 1941இல் விமானப்படையில் சேர்ந்தார். பாசிசத்தை எதிர்க்கவே போனேன் என்று அவர் பிற்காலத்தில் பெருமை பேசிக்கொண்டதில்லை. சாகச ஆசையும், காலனியில் காத்திருந்த சலிப்பான வாழ்க்கையிலிருந்து தப்பிக்கும் ஆசையும்தான் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார். நம்மைப் பற்றி எழுதும்போது நாமும் இந்த நேர்மையைப் பழக வேண்டும். எங்கள் தாத்தா பட்டாளத்துக்குப் போனதும் கொள்கைக்காக இல்லை, சோற்றுக்காகத்தான்.

போர் தொடங்கும்வரை கிராண்ட் போன்றவர்கள் அந்த வாசலில் கால் வைக்க முடியாது. ராயல் விமானப்படையில் சேர ‘சுத்த ஐரோப்பிய வம்சாவளி’ என்பது எழுதப்பட்ட விதி. 1939 அக்டோபரில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். அதுவும் போர் முடியும்வரைக்குமான தளர்வு. விமானிகள் கொத்துக்கொத்தாகச் சாகத் தொடங்கிய பிறகே காலனிகளில் கறுப்பு இளைஞர்களைத் தேடினார்கள். இதே 1941ஆம் ஆண்டின் அக்டோபரில் இந்தியாவில் மகர் ரெஜிமென்ட் அமைக்கப்பட்டது. ‘வீர இனங்கள்’ என்ற கோட்பாட்டைக் காட்டி 1890களில் மகர்களைப் படையிலிருந்து விலக்கியது பிரிட்டிஷ் அரசு. முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது ஒரு படைப்பிரிவு அமைத்து, முடிந்ததும் கலைத்தது. மீண்டும் திறக்க வேண்டும் என்று சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகனான டாக்டர் அம்பேத்கர் தொடர்ந்து வற்புறுத்தினார். இங்கே சாதிக் கதவு, அங்கே நிறக் கதவு. சாவி ஒரே ஆளின் இடுப்பில்தான் இருந்தது.

கிராண்ட் பைலட்டாகப் பயிற்சியைத் தொடங்கினார். நடுவில் நேவிகேட்டர் பிரிவுக்கு மாற்றப்பட்டார். நிறம்தான் காரணம் என்று பிற்காலத்தில் அவர் கருதினார். வெள்ளைக்காரர் ஆறு பேரின் உயிரைச் சுமந்து செல்லும் விமானத்தின் தலைவனாக ஒரு கறுப்பன் இருப்பதா என்ற தயக்கம் அது. ஆனால் மாற்றியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. நேவிகேட்டர் செய்வது என்ன வேலை என்று பார்த்தால் உங்களுக்கே புரியும்.

லங்காஸ்டர் என்பது நான்கு எஞ்சின் கொண்ட பெரிய குண்டுவீச்சு விமானம். ஏழு பேர் போவார்கள். பைலட், எஞ்சினைக் கவனிப்பவர், குண்டு வீசுபவர், வயர்லெஸ் இயக்குபவர், துப்பாக்கிக்காரர் இருவர், நேவிகேட்டர். பைலட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய மேசை. அதைச் சுற்றிக் கறுப்புத் திரை. உள்ளே ஒரு சிறு விளக்கு எரியும், அதன் வெளிச்சம் வெளியே கசிந்தால் எதிரிக்கு அடையாளமாகிவிடும். அந்தத் திரைக்குள் வரைபடம், பென்சில், கவராயம், கடிகாரம் இவற்றோடு உட்கார்ந்திருப்பவர்தான் நேவிகேட்டர். வெளியே குண்டு வெடிக்கும், தேடுவிளக்குகள் சுழலும். அவருக்கு எதுவும் தெரியாது. இரைச்சல் கேட்கும், விமானம் குலுங்கும், அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். விமானத்தில் உள்ள ஏழு பேரில், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தவர் அவர். ஆனால் எதையும் கண்ணால் பார்க்காதவரும் அவர்தான்.

கணக்கு என்றால் எப்படிப்பட்ட கணக்கு? விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நேர் கிழக்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது. விமானத்தின் மூக்கு கிழக்கே பார்த்தபடியேதான் இருக்கும், திசைகாட்டியும் கிழக்கு என்றே காட்டும். ஆனால் ஒரு மணி நேரத்தில் நீங்கள் போக வேண்டிய கோட்டிலிருந்து 60 கிலோமீட்டர் தெற்கே தள்ளப்பட்டிருப்பீர்கள். சேலத்துக்குப் போக நினைத்தவர் நாமக்கல்லைத் தாண்டிப் போய் நிற்பதுபோல. ஆகவே காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று கண்டுபிடித்து, அந்த அளவுக்கு மூக்கை முன்கூட்டியே காற்றை நோக்கித் திருப்பிவைக்க வேண்டும். காற்றோ உயரத்துக்கு உயரம், இடத்துக்கு இடம் மாறும். புறப்படும் முன் வானிலைக்காரர் சொன்ன காற்று வேறு, மேலே அடிக்கும் காற்று வேறு.

கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம், போன திசை, போன வேகம், ஆன நேரம், தள்ளிய காற்று, இவற்றை வைத்து இப்போது இங்கே இருக்க வேண்டும் என்று கணிப்பதற்கு டெட் ரெக்கனிங் என்று பெயர். பழைய கடலோடிகளின் முறைதான். ‘ஜீ’ என்ற ரேடியோக் கருவி உதவிக்கு இருந்தது. தரையில் உள்ள நிலையங்கள் அனுப்பும் துடிப்புகளை வைத்து இருக்கும் இடத்தைச் சொல்லும். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை அதில் பார்த்து வரைபடத்தில் குறிக்க வேண்டும், அதிலிருந்து காற்றைக் கணக்கிட வேண்டும். ஆறு நிமிடம் என்பது மணியில் பத்தில் ஒரு பங்கு, கணக்குக்குச் சுலபம். ஆனால் ஐரோப்பியக் கரையை நெருங்கியதும் ஜெர்மானியர் அந்த அலைவரிசையைக் குழப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு பென்சில்தான். இருபதாயிரம் அடி உயரம், உறையும் குளிர், முகத்தில் ஆக்ஸிஜன் மூடி, கையில் உறை. ஒரு கூட்டல் தவறினால் ஏழு பேருக்கும் ஆபத்து. ஏனென்றால் நூற்றுக்கணக்கான விமானங்கள் நெருக்கமாக ஒரே ஓடையாகப் போகும். அந்த ஓடைக்குள் இருந்தால் எதிரியின் ராடாரில் ஒருவர் மட்டும் தனியாகத் தெரிய மாட்டார். வழி தவறியோ சில நிமிடம் பிந்தியோ தனியாகிவிட்டால் இரவுச் சண்டை விமானங்களுக்கு இரை. திரும்பி வந்த பிறகு நேவிகேட்டரின் பதிவேட்டை மேலதிகாரி ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பார்.

கறுப்பருக்குக் கணக்கு வராது, நிதானம் வராது, பொறுப்பு வராது என்று சொன்ன படை, அந்த மூன்றும் தேவைப்படும் மேசையில் அவரைக் கொண்டுபோய் உட்காரவைத்தது.

அவர் மட்டும் அல்ல. டிரினிடாட்டின் யூல்ரிக் கிராஸ் 139ஆம் படைப்பிரிவில் மஸ்கிட்டோ விமானங்களில் நேவிகேட்டராக 80 முறை பறந்தார். இரண்டு உயர் வீரப் பதக்கங்கள் பெற்றார். பிறகு ஆப்பிரிக்க நாடுகளிலும் தன் நாட்டிலும் நீதிபதியாக இருந்தார். சியாரா லியோனின் ஜானி ஸ்மைத்தும் நேவிகேட்டர்தான். 1943 நவம்பரில் ஜெர்மனி மீது சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். பிற்காலத்தில் தன் நாட்டின் அட்டர்னி ஜெனரல் ஆனார். இந்த மேசையில் உட்கார்ந்தவர்களில் இத்தனை பேர் சட்டத்துக்குப் போனது தற்செயலா என்று நான் யோசிப்பதுண்டு. விதியைத் துல்லியமாகப் படித்தால்தான் விதியை உடைக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

கிராண்ட் 103ஆம் படைப்பிரிவில், இங்கிலாந்தின் எல்ஷம் வோல்ட்ஸ் தளத்தில் சேர்ந்தார். அவர் விமானத்தின் பைலட் கனடாக்காரர். அது 1943இன் வசந்தமும் கோடையும். ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதி மீது இரவு இரவாகத் தாக்குதல் நடந்த காலம். முப்பது பறப்புகள் முடித்தால் ஒரு சுற்று முடிந்தது, ஓய்வு கிடைக்கும். பெரும்பாலோர் முப்பதை எட்டவில்லை. குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு நாற்பத்து நான்கு.

கிராண்ட்டுக்கு மூன்றாவது பறப்போடு முடிந்தது. ஜூன் 25 இரவு கெல்சன்கிர்ஷன் நகரம் இலக்கு. 473 விமானங்கள் புறப்பட்டன, 30 திரும்பவில்லை. அன்று இலக்கைக் காட்ட வேண்டிய முன்னோடி விமானங்கள் சிலவற்றில் கருவி பழுதானதால் குண்டுகள் சுற்றியிருந்த பல ஊர்களில் சிதறி விழுந்தன. திரும்பும் வழியில் நெதர்லாந்து வானில் இரவுச் சண்டை விமானம் ஒன்று கிராண்ட்டின் லங்காஸ்டரைத் தாக்கியது. தீப்பிடித்தது. குதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தப்பும் கதவு திறக்கவில்லை. திறக்கப் போராடிக்கொண்டிருக்கும்போதே விமானம் வானிலேயே பிளந்தது. அடுத்த கணம் கிராண்ட் வெளியே, இருட்டில், பாராசூட்டில் இருந்தார். ஏழு பேரில் இருவர் இறந்தார்கள். விமானத்தின் உடைந்த பகுதி ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்து அந்த விவசாயியின் மனைவி இறந்துபோனார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் கூட்டங்களில் வீரக் கதைகளைச் சொல்லும்போது இறந்த அந்தப் பெண்ணைத் தாண்டிப் போய்விடுகிறோம். ரூர் பகுதியில் சிதறி விழுந்த குண்டுகளுக்குக் கீழே இருந்தவர்கள் தொழிலாளர்கள், முதியவர்கள், குழந்தைகள். நாஜிகளை வீழ்த்தத்தான் வேண்டியிருந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்காக நகரங்களைக் குடும்பம் குடும்பமாக எரித்தது சரியா என்ற கேள்வி அதனால் இல்லாமல் போகாது. காலனி ஆதிக்கத்தால் நசுக்கப்பட்டவர் அந்த ஆதிக்கத்தின் விமானத்திலேயே ஏறி இன்னொரு நாட்டின் ஏழைகள் மேல் குண்டு விழ வழி கணித்தார் என்பதும் உண்மை. கிராண்ட்டைக் கொண்டாடுபவர்கள் இரண்டையும் சேர்த்தே தூக்க வேண்டும்.

விழுந்த இடம் ஹார்லம் நகருக்குத் தெற்கே, வயல்வெளி. டச்சுப் பெயர் கொண்ட கிராமத்தில் பிறந்தவர் டச்சு மண்ணிலேயே விழுந்தார். வெள்ளைக்கார விமானி ஒருவர் அங்கே விழுந்தால், ஒரு விவசாயியின் சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் கரைந்துவிட வாய்ப்பு உண்டு. அப்படிப் பலர் தப்பியிருக்கிறார்கள். ஆக்கிரமிக்கப்பட்ட ஹாலந்தில் ஒரு கறுப்பு மனிதர் எந்தச் சட்டைக்குள் ஒளிவார்? உள்ளூர்க்காரர்கள் உணவு கொடுத்தார்கள், மறைத்துவைக்க வழியில்லை. ஜெர்மானியரிடம் ஒப்படைக்கப்பட்டார். விசாரணை முகாமில்தான் அந்தப் படம் எடுக்கப்பட்டது.

பிறகு இரண்டு ஆண்டுகள் போர்க்கைதி. இன்று போலந்தில் உள்ள சாகன் நகரின் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாம். 1944 மார்ச்சில் 76 கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பியது இந்த முகாமிலிருந்துதான், பிடிபட்டவர்களில் 50 பேரை ஹிட்லரின் ஆணைப்படி சுட்டுக்கொன்றார்கள். அதைப் பற்றி ஹாலிவுட் படம் எடுத்தது. சுடப்பட்ட ஐம்பது பேரில் ஒருவர் நியூசிலாந்தின் மாவோரி விமானி ஜானி போஹே. இது எத்தனை பேருக்குத் தெரியும்? 1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியதும் கைதிகளைப் பனியில் நடக்கவைத்து மேற்கே கொண்டுபோனார்கள். போர் முடிந்தபோது கிராண்ட் உயிரோடு இருந்தார். முகாமில் கிடைத்த நேரத்தில்தான், திரும்பிப் போய்ச் சட்டம் படிப்பது என்று முடிவு செய்திருந்தார்.

படித்தார். 1950இல் லண்டனில் வழக்கறிஞராகப் பதிவானார். வேலை கிடைக்கவில்லை. அதிகாரிச் சீருடையில் இருந்தவரைக்கும் வணக்கம் வைத்த நாடு, சீருடையைக் கழற்றியதும் அறை வாடகைக்குக்கூட யோசித்தது. தாய் கொடுத்த பாட்டு கைகொடுத்தது. கித்தாரோடு மேடையேறினார், நடித்தார். 1957 முதல் பிபிசியின் ‘டுநைட்’ நிகழ்ச்சியில் அன்றன்றைய செய்தியைக் கலிப்ஸோ பாட்டாகப் பாடினார். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடர்ந்து தோன்றிய முதல் கறுப்பு முகம் அவருடையது. நாடே அடையாளம் கண்டது. அந்தப் புகழே கூண்டாகிறது என்று உணர்ந்ததும் விலகினார். பாடும் கறுப்பனைத் தவிர வேறு எதையும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. நம் பறையிசைக் கலைஞர்களிடம் கேட்டுப்பாருங்கள், இந்த அனுபவத்தை அவர்கள் விளக்குவார்கள்.

இலக்கிய மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது அடுத்தது. மார்ட்டினிக் தீவின் கவிஞர் எமே செசேரின், சொந்த மண்ணுக்குத் திரும்புவதைப் பற்றிய நெடுங்கவிதையைக் கிராண்ட் தனி ஒருவராக மேடையில் நிகழ்த்தினார். 1977இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் தொடங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார். அதற்கு முன் 1974இல் கறுப்புக் கலைஞர்களுக்காக டிரம் கலை மையத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். வாய்ப்பு தராதவர்களிடம் வாய்ப்புக் கேட்டு நிற்பதில் அவருக்குச் சலிப்பு வந்துவிட்டது, தனி மேடை கட்டினார்.

கடைசி வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போர் நினைவுச் சின்னங்கள், படங்கள், பள்ளிப் பாடங்கள் எதிலும் கறுப்பு விமானப்படையினர் இல்லை. கரீபியனிலிருந்து விமானங்களில் பறந்தவர்கள் மட்டும் 400க்கு மேல், தரைப் பணியில் ஆயிரக்கணக்கானோர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றைப் பாருங்கள். முதல் உலகப்போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களிலும் சுமைகூலிகளிலும் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, அல்லது எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. சமமாக நினைவுகூரப்படாதவர்கள் அதற்கு மேல் 45,000 முதல் 54,000 பேர். கல்லில் பெயர் இல்லாவிட்டால் செத்ததும் கணக்கில் இல்லை.

கிராண்ட்டுக்கு இந்த வேலையில் துணை வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. 1943 ஜூன் இரவில் லங்காஸ்டர் எரிந்து விழுந்ததைப் பார்த்தவர்களில் பதினொரு வயது டச்சுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அந்தக் காட்சி அவனை விடவில்லை. வளர்ந்த பிறகு அந்த விமானம் எது, உள்ளே யார் யார் என்று பல ஆண்டுகள் தேடினார். கடைசியில் கிராண்ட்டைக் கண்டுபிடித்தார். அவருடைய மகனோடு சேர்ந்து கிராண்ட் கரீபியன் விமானப்படையினருக்கான இணைய ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். அப்போது கிராண்ட்டுக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். பெயர், வந்த தீவு, படைப்பிரிவு, என்ன பணி, என்ன ஆனார் என்று ஒவ்வொருவராகப் பதிந்தார்கள். குடும்பங்கள் பெட்டியில் வைத்திருந்த படங்களை அனுப்பத் தொடங்கின. வேலை முடியவில்லை. 2010 பிப்ரவரி 13ஆம் தேதி கிராண்ட் காலமானார். லண்டனில் குண்டுவீச்சுப் படையினருக்கான நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது 2012இல்.

நேவிகேட்டரின் பதிவேட்டில் ஆறு நிமிடத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்றேன் அல்லவா. அந்த ஆவணப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் தோன்றியது. ஒரு வரி, அடுத்த வரி. இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் எத்தனை பேர் வீட்டில், பர்மா போருக்கோ ரயில்பாதை வேலைக்கோ தேயிலைத் தோட்டத்துக்கோ போய்த் திரும்பாத ஒருவரின் பெயர் பாட்டியின் வாயில் மட்டும் இருக்கிறது? இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். பெயர், ஊர், போன வருடம், கடைசியாகக் கடிதம் வந்த இடம். பாட்டிக்கு வருடம் நினைவில்லை என்றால், எந்த வெள்ளத்துக்கு முன், யார் கல்யாணத்துக்குப் பின் என்று கேட்டு எழுதுங்கள்.